கறிவேப்பிலை அடித்த வில்

அன்பு மகளுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனில் குதிக்காதே. நீ அடித்து அனுப்பச் சொன்ன கறுப்புப் பெயின்டை நான் அடிக்கவில்லை. வாங்காமல் விட்டேன் என்று நினைக்காதே. இங்கே லண்டனில், கோலியர்ஸ் வுட்டில் கடை கடையாக ஏறி இறங்கி, மினுங்காத கறுப்பு எதுவென்று எல்லாரையும் கேட்டு அலுப்புக் கொடுத்து, நல்ல ஸ்பிரே டப்பாவாகப் பார்த்துத்தான் வாங்கினேன். சாண்ட் பேப்பரும் வாங்கினேன். நேற்று மத்தியானம் பல்கனியில் பழைய பெட்ஷீட்டை விரித்து, உன் வில்லை நீ காட்டித்தந்த மாதிரியே மூன்று துண்டாகக் கழற்றி, மேல் கையை, அதுதான் வில்லின் மேல்பக்கத்து வளைந்த துண்டை, தூக்கி மடியில் வைத்தேன். அதில் நாங்கள் அடித்த இலைகளில் எந்த இலையில் சாண்ட் பேப்பரை முதலில் வைப்பது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணீர் ஆறியது, வெயிலும் போய்விட்டது. அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "என்ன, பேன் பாக்கிறியளோ அதுக்கு?" என்று கேட்டா. அப்படியே துண்டுகளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இன்று இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் உன்னோடு ஒரு விசயத்தை நடுவில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் "அப்பா, ஷிப்ட் தொடங்கப் போகுது" என்று வைத்துவிடுவாய். இன்வெர்னஸ் ஆஸ்பத்திரியில் உனக்கு பிசியோதெரபி வேலை கிடைத்தது எங்களுக்குப் பெருமைதான், ஆனால் அந்த ஷிப்ட் என்ற சொல்லை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தை நீ பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், பிறகு எடுத்து மிச்சத்தை வாசிக்கலாம்.

நீ போகிற அன்று சாமான் கட்டிக்கொண்டே சொன்னது எனக்கு வரி வரியாக நினைவில் இருக்கிறது. "அப்பா, புது ஊர், புது கிளப். உந்த இலையளைப் பாத்து ஆள் ஆளா வந்து கேப்பினம். திரும்ப முதல்ல இருந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்ல ஏலாது. கறுப்பா அடிச்சு அனுப்பிவிடுங்கோ, பேசாமல் ஒரு மூலையில நிண்டு எய்துபோட்டு வாறன்." நான் ஓம் என்றேன். உன் முகத்தைப் பார்க்காமல் சொன்ன ஓம் அது. அந்த ஓமை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன், கொஞ்சம் பொறு.

அந்த வில் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். கென்டில் யாரோ ஒருவர் தோள்மூட்டு நோவு என்று வில்வித்தையை விடுகிறார், பழைய வில்லை மலிவாகத் தருகிறார் என்று ரயில் ஏறிப் போய் வாங்கி வந்தாய். வாசலில் நின்று "இது ஹன்டிங் போ அப்பா" என்றாய். எனக்கு நெஞ்சு பக்கென்றது. வேட்டை வில்லாம்! இந்த நாட்டில் வில்லால் ஒரு முயலை எய்தாலும் சட்டப்படி குற்றம் என்று நீயே பிறகு விளக்கினாய். சரி, வேட்டையாட முடியாத நாட்டில் வேட்டை வில் எதற்கு என்று கேட்டதற்கு, காட்டுக்குள் பஞ்சு ரப்பரில் செய்த மான், பன்றி, கரடி எல்லாம் நிறுத்தி வைத்திருப்பார்கள், நடந்து நடந்து அவற்றை எய்ய வேண்டும் என்றாய். படித்த பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று நினைத்தேன். அதோடு அந்த நிறம்! நடுப்பிடி ரோஸ் சர்பத் நிறம், இரண்டு கைகளும் பளிச்சென்ற வெள்ளை. கலியாண வீட்டு மணவறைச் சோடனையில் இருந்து கழற்றி வந்த சாமான் என்று சொன்னால் யாரும் நம்புவார்கள்.

அம்மாவுக்கு அதை வீட்டுக்குள் எடுக்கவே விருப்பமில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்கு உது?" என்றா. நான் உடனே, "நவராத்திரி முடிய மானம்பூவுக்கு ஈலிங் அம்மன் கோயிலுக்கு வருசம் தவறாமல் போறாய். அங்கை அம்மன் கையில வைச்சிருக்கிறது அகப்பையோ?" என்று கேட்டேன். அம்மா அதோடு விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, வேறு வழி பார்த்தா. அந்த வருடம் நவராத்திரிக்கு வில்லைச் சாமி அறையில் உன் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்து, நல்லெண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு கைகளிலும் சந்தனப் பொட்டு வைத்தா. ஆயுதமென்றால் அது பூசையில் இருந்து போகட்டும் என்பது அவவின் கணக்கு. அந்த எண்ணெய் பிறகு எங்களுக்குச் செய்த வேலையை மறந்திருக்க மாட்டாய்.

பிறகு ஒருநாள் கிளப்பில் இருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்தாய். என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றாய். உன் ஒன்றுமில்லைக்கு எத்தனை கருத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதனால் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் சொன்னாய். அங்கே எல்லாருடைய வில்லும் காட்டு நிறமாம். காற்சட்டை, தொப்பி, அம்புக்கூடு எல்லாம் இலையும் மரப்பட்டையுமாக இருக்குமாம். நீ மட்டும் சர்பத் நிறத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாயாம். "எனக்கும் கமஃப்ளாஜ் அடிக்க வேணும் அப்பா." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரப்பர் மானுக்குக் கண் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "மானுக்கில்லை அப்பா. ஆக்களுக்கு. எல்லாரும் என்னையே பாக்கினம். அங்கை என்னை மாதிரி வேறை ஒருத்தரும் இல்லை" என்றாய்.

நான் பகிடியை அந்த இடத்திலேயே விட்டேன். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். லண்டனுக்கு வருவதற்கு முன் பாரிஸில் இருந்த காலத்தில், விசா இல்லாத நாட்களில், நான் சுவரோடு சுவராக நடக்கப் பழகியவன். சாம்பல் நிற ஜக்கெட், சாம்பல் நிறத் தொப்பி. மெட்ரோவில் இரண்டு தமிழர் சத்தமாகக் கதைத்தால் அடுத்த பெட்டிக்குப் போய்விடுவேன். நீ பிறந்து, விசா கிடைத்து, நாலு பேர் மதிக்கிற மாதிரி ரெஸ்டோரன்டில் வேலை செய்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. லண்டனுக்கு வந்த பிறகும் பஸ்ஸில் உன்னை "மெதுவாக் கதை, மெதுவாக் கதை" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தேன். ஆகவே நீ வில்லை மறைக்க ஆசைப்பட்டது எங்கிருந்து வந்தது என்று நான் வெளியே தேட வேண்டியிருக்கவில்லை.

கடையில் காட்டு நிறம் அடித்துத் தருவதற்குக் கேட்ட விலைக்கு இன்னொரு வில்லே வாங்கலாம். நாங்களே அடிப்போம் என்றேன். பாரிஸில் கொஞ்சக் காலம் பெயின்ட் அடிக்கப் போனவன் நான் என்று பீற்றிக்கொண்டேன். அந்தப் பீற்றலில் குசினி அலுமாரிக்குள் இருந்த மிச்சப் பெயின்டைத் தூக்கி வந்தேன், வாசல் கதவுக்கு அடித்த பச்சை. நீ டப்பாவைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "அப்பா, இது மினுங்கும். காட்டுக்குள்ள ஆர் மினுங்கிறது?" என்றாய். அதுவும் சரிதான். பிறகு இருவருமாகப் போய்க் கார் பெயின்ட் விற்கிற இடத்தில் மலிவு விலைப் பெட்டிக்குள் கைவிட்டுக் கிளறி, காக்கி, மண் நிறம், கரும்பச்சை என்று மினுங்காத டப்பாக்களாகப் பொறுக்கி எடுத்தோம். மூடி நெளிந்ததால் விலை குறைத்தவை. உன் கையில் அந்தப் பை இருந்தபோது நீ நடந்த நடையைப் பார்த்துத்தான் உனக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு விளங்கியது.

தொலைக்காட்சி வந்த பெரிய அட்டைப் பெட்டியைப் பல்கனியில் நிமிர்த்தி வைத்து, உடுப்புக் காயப்போடும் ஸ்டாண்டில் நூல் கட்டி வில்லின் துண்டுகளை அதற்குள் தொங்கவிட்டோம். சாண்ட் பேப்பரால் மெல்லச் சுரண்டினாய். முதல் காக்கி நிறம் வடிவாகத்தான் விழுந்தது. தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் அம்மை போட்ட உடம்பு போலக் கொப்பளமும் சுருக்கமுமாக நின்றது. மிக மோசமாக இருந்தது இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில், வட்டமாக. நீ டப்பா பழுது என்றாய், நான் குளிர் என்றேன். அம்மா வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்தினா. "ஐயோ, அது நான் பொட்டு வைச்ச இடம்." நவராத்திரி நல்லெண்ணெய் அப்படியே ஊறிப்போய் இருந்திருக்கிறது. நாங்கள் துடைக்க மறந்துபோனோம். வெள்ளைக்காரன் எழுதுகிற குறிப்புகளில் கிறீஸைத் துடை, மெழுகைத் துடை என்று இருக்கும், சாமி அறை எண்ணெயைத் துடை என்று எவன் எழுதுவான்? எல்லாவற்றையும் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினோம்.

காக்கி பிடித்ததும் உரு வரைவது வந்தது. வெங்காயம் வருகிற வலைப் பையை இழுத்துச் சுற்றி அதன்மேல் மண் நிறத்தை அடித்தாய், பாம்புச் செதில் போல நன்றாக வந்தது. அதன்மேல் இலை வேண்டும் என்றாய். வாசலில் தொங்குகிற பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தைக் கழற்றித் தந்தேன், ஒரு இலை வில்லின் கையை முழுதாக மூடிவிட்டது. யன்னலில் அம்மாவின் கறிவேப்பிலைச் சாடியை நீ பார்ப்பதை நான் கண்டேன். குளிர்காலத்தில் போர்வை சுற்றி, ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்து, பிள்ளை மாதிரி வளர்த்த கன்று. சொந்தத் தங்கை எட்மண்டனில் இருந்து வந்து ஒரு இணுக்குக் கேட்டதற்கே, கடையில் வாங்கு என்று சொன்ன மனிசி. நீயும் கேட்கத் துணியவில்லை. போனை எடுத்து வேறு மாதிரிகள் தேடினாய், ஒன்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இலை தேவையில்லை. இது சுகம், வரி வரியா டேப் ஒட்டிப்போட்டு அடிக்கலாம்" என்று காட்டினாய்.

பச்சையும் மண்ணும் கறுப்புமாக வரிகள். குசினியில் கீரை அரிந்துகொண்டிருந்த அம்மா எப்போது எங்களுக்குப் பின்னால் வந்து நின்றா என்று தெரியாது. "வரி வேண்டாம் பிள்ளை" என்றா. ஏன் என்று நீ கேட்டாய். "வேறை என்ன வேணுமெண்டாலும் கீறு. வரி வேண்டாம்." சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா சத்தம் போடாமல் ஒன்றைச் சொன்னால் எனக்குப் பயம்.

நீ ஐந்து வயதில் பாரிஸில் அழுத அழுகை உனக்கு நினைவிருக்கிறதோ தெரியாது. மேல்மாடிப் பிரெஞ்சுக்காரி உனக்கு ஒரு காற்சட்டை தந்தா, ஆமிக்காரன் உடுப்பு மாதிரிப் பச்சையும் மண்ணுமாக, சின்னச் சின்னப் பொக்கற் வைத்தது. நீ அதைப் போட்டு வீடு முழுக்க ஓடினாய். அடுத்த நாள் அது குப்பைத் தொட்டிக்குள் கிடந்தது. நீ அழுதாய், நான்கூட அம்மாவைப் பேசினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த நிறத்தில் ஒரு காலுறைகூட வந்ததில்லை, நீ ஏன் என்று கேட்டதும் இல்லை. அன்றைக்குப் பல்கனி வாசலில் நின்றுதான் அம்மா முதன்முதலாக உனக்குச் சொன்னா. ஊரில், சந்தியில் பச்சை உடுப்பு ஆமிக்காரன் துவக்கோடு நிற்க, அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. பிறகு அவவின் தம்பி, நீ படத்தில் மட்டும் கண்ட உன் மாமா, ஒருநாள் பின்னேரம் இயக்கத்தின் வரிச் சீருடையோடு வீட்டுக்கு வந்து, நின்றபடியே ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. "அதுக்குப் பிறகு அவன் வரேல்லை" என்றா. உருமறைப்பு என்று உன் வயதுப் பிள்ளைகள் இணையத்தில் தேடுகிற சொல் எங்கள் வீட்டில் இரண்டு பக்கத்தாலும் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

நீ போனை அணைத்து மடியில் வைத்தாய். "அம்மா, எனக்கு உது வேண்டாம். அந்தச் சர்பத் நிறமே இருக்கட்டும், திரும்ப அடிக்கலாம்" என்றாய். உன்னைப் பெற்றதற்கு நான் முதன்முதலாகப் பெருமைப்பட்ட இடம் அதுதான் என்று சொன்னால் பொய், அதற்கு முன்பும் எத்தனையோ இருக்கிறது. ஆனால் அவ்வளவு ஆசைப்பட்ட ஒன்றை, பை நிறையப் பெயின்டோடு பாதி அடித்த வில்லை, ஒரு மூச்சில் வேண்டாம் என்று வைத்தாயே, அதை நான் மறக்க மாட்டேன். அம்மா உள்ளே போனா. கத்தரிக்கோலோடு வந்தா. சாடிக்குக் கிட்டப் போய், கன்றின் நடுவில் இருந்த நல்ல இணுக்காகப் பார்த்து வெட்டி, கழுவி, துவாயால் ஒற்றி உன்னிடம் நீட்டினா. "உது அளவாய் இருக்கும். இலையெண்டால் அடி."

பிறகு நடந்ததெல்லாம் சந்தோசம். நீ இலையை வைத்துப் பிடிக்க, நான் தூரத்தில் நின்று மெல்ல விசிற, இலையை எடுத்தால் அதன் உரு காக்கியில் அப்படியே நிற்கும். இடம் மாற்றி வைத்து, வேறு நிறம் அடித்து, இலைமேல் இலையாக மூன்று துண்டும் நிறைந்தன. என் விரல்கள் ஒரு கிழமைக்குப் பச்சையாக இருந்தன, நான் வேலைக்குப் பார்சல் கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் என் கையைத்தான் பார்த்தார்கள். கீழ்வீட்டுக் கிழவி பெயின்ட் மணக்குது என்று கதவைத் தட்டினா. அம்மா ஒரு தட்டு ரோல்ஸ் கொடுத்து அனுப்ப, அடுத்த நாளும் மணக்குது என்று வந்து நின்றா. முதல் நாள் உண்மையாகவே மணந்தது, இரண்டாம் நாள் நாங்கள் அடிக்கவே இல்லை.

வில்லைப் பூட்டிச் சுவரில் சாய்த்து வைத்து மூவருமாகப் பார்த்தபோதுதான் நீ சொன்னாய், "அப்பா, இங்கிலாந்துக் காட்டில கறிவேப்பிலை இருக்கோ?" நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அந்த யோசனை எங்கள் மூவரில் ஒருவருக்குமே வரவில்லை. ஓக் இலையும் காட்டுத் தழையும் பூங்காவில் சும்மா கொட்டிக் கிடக்க, நாங்கள் குசினி யன்னலில் இருந்து வெட்டி அடித்திருக்கிறோம். மறைப்பதற்கு என்று செய்த வேலை. நீ சிரிக்கத் தொடங்கினாய், அம்மா சிரித்தா. திரும்பச் சுரண்டவா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்துவிட்டு, "வேண்டாம், ஆர் கவனிக்கப் போகினம்" என்றாய்.

எல்லாரும் கவனித்தார்கள். உன் முதல் போட்டிக்கு என்னைத்தான் பார்சல் வான் வண்டியில் கூட்டிப் போகச் சொன்னாய். சர்ரே பக்கத்துக் காடு, இரவு முழுக்க மழை பெய்த சேறு, நான் கலியாண வீட்டுச் சப்பாத்தோடு. பச்சை உடுப்புக்காரர் கூட்டமாக நின்றதைப் பார்த்ததும் என் கால் தானாகவே மரங்களின் பக்கம் ஒதுங்கியது. அவர்கள் ரப்பர் கரடிக்கு வந்த சனம் என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாதே. உன் குழுவில் ஒரு தாடிக்காரர் இருந்தார். நீ வில்லைப் பூட்டும்போது குனிந்து பார்த்தார். இது எந்த மரத்து இலை, நான் கண்டதே இல்லையே என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பியது. சும்மா ஏதோ இலை என்று சொல்லிவிடு பிள்ளை என்று மனதுக்குள் சொன்னேன். நானாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நீ நிமிர்ந்து நின்றாய். நீ ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். "இது கறிவேப்பிலை. எங்கட அம்மா வீட்டுக்குள்ள வளர்க்கிற கண்டு. நான் கேக்காமலே வெட்டித் தந்தவ." அவர் விடவில்லை. இந்தக் காட்டில் அந்த மரம் இல்லையே, மான் கண்டுபிடித்துவிடுமே என்றார். பகிடிக்குத்தான் கேட்டார், பாவம், கெட்ட மனிதர் இல்லை. நீயும் சிரித்துக்கொண்டு, "அப்ப மானுக்கு நான் வந்திருக்கிறன் எண்டு தெரியட்டும்" என்றாய். அந்தக் குழு முழுக்கச் சிரித்தது. உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உன்னோடு சேர்ந்து சிரித்தது. நான் மரத்துக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தேன். "நான்தான் பெயின்ட் அடிச்சது" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லவும் செய்தேன். அது முழு உண்மை இல்லை, நீயும் திருத்தவில்லை.

அன்றைக்கு நீ எத்தனையாவதாக வந்தாய் என்று இப்போதும் ஆட்கள் கேட்கிறார்கள். நடுவுக்குக் கொஞ்சம் கீழே. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற மானை நீ எய்தது மட்டும் எனக்குப் போதும். உனக்கு முன்னால் எய்த இரண்டு பேரின் அம்பும் புதருக்குள் போனது. நீ சேற்றில் காலை ஊன்றி, நாணை முகத்தோடு சேர்த்து இழுத்து, அவசரப்படாமல் நின்றாய். அம்மாவின் இலைகள் உன் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தன. அம்பு போய் ஏறிய சத்தம் எனக்கு இந்தக் கரையில் கேட்டது. நான் "அடி சக்கை!" என்று கத்தினேன். பஸ்ஸில் மெதுவாகக் கதை என்று உன்னை அதட்டியவன், ஒரு காடு முழுக்கக் கேட்கத் தமிழில் கத்தினேன். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்புக்கு எந்தக் கோப்பையும் ஈடில்லை. வண்டி முழுக்கச் சேறு, துடைத்து முடிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

அதனால்தான் கறுப்பு அடிக்க என் கை போகவில்லை. உனக்கு விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது என்பது எனக்கு விளங்குகிறது. எல்லா இடத்திலும் நாங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது, அது நியாயமில்லைதான். எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அலுப்பாக இருக்கிற நாளில் சும்மா இலை என்று சொல்லிவிட்டுப் போ, அதில் பிழையில்லை. ஆனால் கேள்வி வரும் என்று பயந்து நீயே முன்கூட்டி உன்னை அழித்துவிடாதே. அந்த வேலையை நான் பாரிஸில் செய்து முடித்துவிட்டேன், எங்கள் குடும்பத்துக்கு அது போதும். மூலையில் நின்று எய்துவிட்டு வருகிற பிள்ளை இல்லை நீ. நீ நடுவில் நின்றதை நான் என் கண்ணால் பார்த்தவன்.

ஆனாலும் வில் உன்னுடையது, முடிவும் உன்னுடையது. கறுப்புத்தான் வேண்டும் என்றால் வேண்டும். டப்பாவை உனக்கு அனுப்ப முடியாது, ஸ்பிரே டப்பாவைப் பார்சலில் போட எங்கள் கம்பனி விடாது, நான் அங்கேயே வேலை செய்துகொண்டு களவு செய்ய ஏலாது. அது மூடி திறக்காமல் பல்கனியில் இருக்கிறது. ஆகவே கறுப்பு அடிக்க வேண்டும் என்றால் நீ லீவு எடுத்துக்கொண்டு கோலியர்ஸ் வுட்டுக்கு வந்துதான் அடிக்க வேண்டும். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். அம்மா புட்டும் கணவாய்க் கறியும் வைப்பா.

இன்னொன்று. நடுப்பிடியில் உன் பெருவிரல் படுகிற இடத்தில் பெயின்ட் தேய்ந்து பழைய சர்பத் நிறம் வெளியே தெரிந்தது. இன்று காலை நான் பெட்டியைக் கட்டப் போக, அம்மா "கொஞ்சம் பொறுங்கோ" என்று சொல்லிச் சாடியடிக்குப் போனா. ஒரே ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து அந்த இடத்தில் வைத்து, பழைய டப்பாவின் அடியில் கிடந்த மிச்சப் பச்சையைத் தானே எடுத்து விசிறினா. டப்பாவை வாழ்க்கையில் முதல்முறை பிடித்தவ, மிகக் கிட்டப் பிடித்து விசிறியதில் ஓரம் கொஞ்சம் கலங்கிப்போய்விட்டது. இலையை எடுத்தபோது, பச்சைக்கு நடுவில் சர்பத் நிறத்தில் ஒரு கறிவேப்பிலை இருந்தது. காய்ந்த பிறகுதான் பெட்டியை மூடினேன்.

நீ வந்து முழுவதற்கும் கறுப்பு அடி, நானே டப்பாவைக் குலுக்கித் தருகிறேன். அந்த ஒரு இலையை மட்டும் விட்டு அடி.

அப்பா